மண் ஒட்டாத கால்

அத்தியாயம் ஆறு

ஒரு பெண்ணின் காலை எட்டடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து, கவரைப்பேட்டை கல்யாண மண்டபத்து மேடையில் கட்டியிருந்தார்கள்.

முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும். முழங்காலில் செம்மண் அப்பியிருந்தது. அதற்குக் கீழே கெண்டைக்கால் எண்ணெயில் பளபளத்தது. 'குற்றத்திற்கான ஆதாரம்' என்று சிவப்பெழுத்து வேறு. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிங்கார நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, அந்தக் காலுக்கு முன்னால் மேஜை போட்டு கும்மிடிப்பூண்டி வட்டாரக் கபடிக் கழகத்தின் தலைவர் வரதன் உட்கார்ந்திருந்தார். கால் எந்தப் பெண்ணுடையதோ அந்த ஏஞ்சல், மூன்றாவது வரிசையில் அம்மா சாராளுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வந்த உறுப்பினர்கள் எல்லாரும் ஃபிளெக்ஸை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் நாற்காலி தேடினார்கள். பக்கத்தில் நின்ற என் முதலாளியிடம் கேட்டேன்.

"இன்னா பாய் இது? பொண்ணு கால பேனர் போட்டுக்கிறானுங்க. இது சங்கமா, செருப்புக் கடையா?"

சிராஜ் பாயும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மற்றவர்கள் பார்த்த இடத்தை அல்ல.

பாய் பழவேற்காட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை குடிப்பாரா, கம்பெனி காப்பர் ஒயரை எவன் தூக்கினான், இந்த மாதிரி கேசுகள்தான் வரும். அவருக்கு உதவியாளர் நான். பெயர் சின்னப்பொண்ணு, வயது நாற்பத்தைந்து. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். போன மாதம் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். அத்திப்பட்டு அணிக்கும் கவரைப்பேட்டை அணிக்கும் போட்டி. கடைசி டைம் அவுட் முடிந்ததும் அத்திப்பட்டு ஏஞ்சல் பாடிப் போனாள். எதிர்ப்பக்கம் பூமிகா அவள் கெண்டைக்காலைப் பிடித்தாள். பிடி வழுக்கியது, ஏஞ்சல் நடுக்கோட்டைத் தொட்டாள், அத்திப்பட்டு ஜெயித்தது. உடனே பூமிகா "கால்ல எண்ணெ!" என்று கத்தினாள். நடுவர் தொட்டுப் பார்த்தார், போனில் படம் பிடித்தார், முடிவைத் திருப்பினார். உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு ஆடுவது கபடியில் பெரிய திருட்டுத்தனம். கோப்பை கவரைப்பேட்டைக்குப் போனது. ஏஞ்சலுக்கு இரண்டு வருஷம் தடை.

அடுத்த வாரம் மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்த வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு பெண்தான் போகலாம். ஏஞ்சலுக்கு ஜூனியர் வயது இந்த வருஷத்தோடு முடிகிறது. தடை அப்படியே இருந்துவிட்டால் அவளுக்கு மிச்சம், அம்மாவோடு சேர்ந்து காண்ட்ராக்ட் வேலைக்குக் கம்பெனி கேட்டில் நிற்பது மட்டும்தான். அவளுக்குப் பதில் பூமிகா போவாள். பூமிகா தலைவர் வரதனின் அக்கா மகள்.

அத்திப்பட்டுக்காரர்கள் தகராறு பண்ணியதால் தீர்ப்பு பொதுக்குழு ஓட்டுக்கு வந்தது. ஒரு கிளப்புக்கு ஒரு கை. சமமாக வந்தால் தலைவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அதுதான் முடிவு. ஓட்டுக்கு முன்னால் உண்மை தெரிய வேண்டும் என்று வரதனே எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

"மாப்பிள்ள கேசு பாக்குற நம்மள எதுக்கு பாய் கூப்டாரு? மெட்ராஸ்ல ஆளா இல்ல?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"மாப்பிள்ள கேசு பாக்குறதாலதான்" என்றார் பாய்.

மண்டபத்தின் பின்பக்கம் பிரியாணிக்கு தம் போட்டிருந்தார்கள். பாதி உறுப்பினர்களின் மூக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. பாய் ஏஞ்சலைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டி வரச் சொன்னார். தரையெல்லாம் வெற்றிலைச் சாறு. தள்ளி நின்று பேசினோம்.

"ஊட்லேர்ந்து எதுனா தடவிக்குனு வந்தியாமா?" என்றேன்.

"இல்லக்கா. மேட்ச் அன்னிக்கு நான் தலைக்குக்கூட எண்ணெ வெக்க மாட்டேன்."

"டைம் அவுட்ல கால் தொடச்சது யாரு?" என்றார் பாய்.

"மாஸ்டர்தான் சார். எப்பவும் அவர்தான். லோகு அண்ணன் ஐஸ் பக்கெட்லேர்ந்து துண்டு எடுத்துக் குடுப்பாரு, மாஸ்டர் தொடப்பாரு. அன்னிக்கும் ஜில்லுன்னு இருந்துச்சு. அதுல ஒண்ணுமே தெரியல சார்."

மாஸ்டர் என்றால் அத்திப்பட்டு அணியின் கோச் பீட்டர். ஏழாம் வகுப்பிலிருந்து ஏஞ்சலைத் தயார் பண்ணியவர். சாராளுக்கு நைட் ஷிப்ட் வரும் நாளில் பெண்ணை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவாராம். அவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஏஞ்சல் தலையை நிமிர்த்தினாள்.

சொல்லி வைத்த மாதிரி அவரே டீயோடு வந்தார். கழுத்தில் ஈரத் துண்டு. அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை ஏஞ்சல் கையில் கொடுத்தார்.

"காலைலேர்ந்து நாஷ்டா கூடத் துன்னல சார் இது. என் பொண்ணு மாதிரி. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

"பாக்கலாம் மாஸ்டர்" என்றார் பாய்.

அவர்கள் போனதும் நான் என் தீர்ப்பைச் சொன்னேன். "எனக்கு அந்த பூமிகா மேலதான் டவுட்டு. கையில எண்ணெ பூசிக்குனு வந்து புடிச்சிருப்பா. புடிச்சவளே கத்துறா பாரு."

"கையில இருந்த எண்ணெ கால்ல எங்க ஒட்டும்?"

"புடிச்ச எடத்துல."

"அப்ப கால்ல என்ன தெரியணும்?"

யோசித்தேன். "அஞ்சு வெரலு அச்சு."

"ஃபிளெக்ஸ்ல இருக்கா?"

இல்லை. கெண்டைக்கால் முழுக்கக் கல்யாணப் பெண் கால் மாதிரி ஒரே சீராகப் பளபளத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

"நீ ஒரு காரியம் பண்ணு. பீட்டர் மாஸ்டர் கழுத்துல துண்டு இல்லாம ஒரு போட்டோ வேணும். தேடு."

"துண்டு இல்லாமயா? அந்தாளு பொறக்கும்போதே துண்டோட பொறந்திருப்பாரு பாய்."

ஏஞ்சலின் தோழிகளின் போன்களை வாங்கித் தேடினேன். பழைய கோப்பைகள், பொங்கல் போட்டி, கிறிஸ்துமஸ் கேக், யாரோ குழந்தைக்கு ஞானஸ்நானம். எல்லாவற்றிலும் மனிதர் துண்டோடுதான் இருந்தார். ஒரே ஒரு படத்தில் மட்டும் கழுத்து காலியாக இருந்தது. பாயிடம் காட்டினேன். கெட்டுப்போன மீனை மோந்து பார்த்தவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். என்ன என்று கேட்டேன். வா என்று மட்டும் சொல்லி மணமகன் அறைக்குள் நுழைந்தார்.

உள்ளே வரதன் போண்டா தின்றுகொண்டிருந்தார். இரும்பு ரோலிங் மில் முதலாளி. வெள்ளைச் சட்டை, விரலுக்கு ஒரு மோதிரம். மோதிரம் எல்லாவற்றிலும் எண்ணெய்.

"இன்னா பாய், எதுனா கெடச்சுதா? நியாயம் தோத்துடக் கூடாது பாருங்க, அதான் எனக்கு."

"கெடச்சிடுச்சு சார். எண்ணெ தடவுனது அந்தப் பொண்ணு இல்ல. துண்டு வழியா வந்திருக்கு. ஐஸ் பக்கெட்டு வச்சிருந்தது லோகு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லோகு கும்மிடிப்பூண்டி அணியின் செயலாளர், ஒரு கம்பெனியில் ஃபிட்டர், போட்டி நாளில் எல்லா அணிக்கும் ஐஸ் பக்கெட் பார்த்துக்கொள்கிறவர். காலையிலிருந்து ஏஞ்சலுக்காக வரிசை வரிசையாகப் போய் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

வரதனின் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு முன்னைவிட நிம்மதியாக மெல்லத் தொடங்கியது.

"ஆதாரம்?"

"வீடியோ இருக்கு."

"யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. நான் பாத்துக்கிறேன்."

வெளியே வந்ததும் பாயின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். "லோகு அண்ணனா? உங்களுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்குச்சு? சாம்பார்ல உப்பு கம்மின்னாகூட மைக்கு புடிச்சி சொல்ற ஆளு பாய் அவரு! போன மீட்டிங்ல சேரத் தூக்கி அடிச்சாரு. அவருக்கு ரகசியம்னா இன்னான்னே தெரியாது."

"அதுக்குத்தான் அவர் பேரச் சொன்னேன்."

"அப்போ அவரு செய்யலயா?"

"இப்ப பாரு. உண்மைய வாங்கிக்கினு போறவரு மைக்குக்குப் போறாரா, காதுக்குப் போறாரான்னு பாரு."

வரதன் மணமகன் அறையிலிருந்து வந்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். மைக் மேடையில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி நடந்தார். கடைசி வரிசையில் லோகுவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டு, காதில் வாயை வைத்தார்.

லோகு முதலில் சிரித்த முகமாகத்தான் கேட்டார். அப்புறம் சிரிப்பு போனது. அப்புறம் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. வரதன் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்கயா! நான் துண்டுல எண்ணெ ஊத்தி அந்தப் பொண்ணு கால்ல தடவ வச்சிட்டேனாம். டிடெக்டிவ் கண்டுபுடிச்சிட்டாராம். தீர்ப்புக்கு நான் கை தூக்கிட்டா தலைவரு வெளிய சொல்ல மாட்டாராம். இன்னாயா கணக்கு இது? நான் தடவுனேன்னா அந்தப் பொண்ணு தடவலன்னுதானே அர்த்தம்? தடவாத பொண்ணுக்கு எதுக்குயா தடை? அதுக்கு நான் எதுக்குயா கை தூக்கணும்?"

மண்டபத்துக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போக ஆரம்பித்தது. அது போய் முடியும் வரைக்கும் எல்லாரும் வரதனையே பார்த்தார்கள்.

"டிடெக்டிவ் சொன்னதத்தான் சொன்னேன்" என்றார் வரதன்.

"சொன்னேன். பொய் சொன்னேன்." பாய் மேடைக்கு வந்தார். "லோகு அண்ணே, மன்னிச்சிக்குங்க."

"உன்ன அப்புறம் வச்சிக்கிறேன் பாய். மொதல்ல விஷயத்தச் சொல்லு."

"உண்மை வேணும்னு கூப்ட்டவரு. உண்மை கெடச்சிடுச்சுன்னு சொன்னா, தீர்ப்பு தப்புன்னு மைக்குல சொல்லியிருக்கணும். இவரு அத்த ஓட்டு வாங்கப் பயன்படுத்துனாரு. ஏன்னா யாரு செஞ்சதுன்னு இவருக்கு முன்னயே தெரியும். நான் தப்பான ஆளச் சொன்னதும் சந்தோஷமாயிட்டாரு."

பாய் திரும்பி ஃபிளெக்ஸைக் காட்டினார்.

"இந்தக் கால இவ்ளோ பெருசா அடிச்சுக் குடுத்ததுக்கு நன்றி. ரப்பர் மேட் விரிச்சி ஆடற ஆட்டத்த டிவில பார்த்துட்டுப் போட்ட திட்டம் இது. மேட்ல மண்ணு ஒட்டாது, சரி. நீங்கெல்லாம் ஆடறது மண்ணு. ஏஞ்சல் ஊட்லயே எண்ணெ பூசிக்குனு வந்திருந்தா, ஆட்டம் பூரா உருண்டு பொரண்ட காலு எப்படி இருக்கும்? பஜ்ஜி மாவுல தோச்ச மாதிரி அப்பிக்கும். ஈரத்துண்டால தொடச்சா போவுமா? சோப்பு போட்டுத் தேச்சாலும் போவாது. முழங்காலப் பாருங்க, மண்ணு. கெண்டைக்கால்ல ஒரு பொட்டு இல்ல. மண்ணத் தொடச்ச அப்புறம்தான் எண்ணெ வந்திருக்கு. டைம் அவுட்ல வந்திருக்கு."

எல்லாரும் ஆடி வளர்ந்தவர்கள். பூசிய உடம்பில் மண் எப்படி அப்பும் என்று குளத்து மேட்டில் விளையாடிய காலத்திலிருந்தே தெரிந்தவர்கள். இத்தனை நேரம் இத்தனை பெரிய காலை உற்றுப் பார்த்தும் ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப தொடச்சது..." என்று ஆரம்பித்த லோகு நிறுத்திவிட்டார்.

"பீட்டர் மாஸ்டருக்கு ஒரு பழக்கம் இருக்கு. பொண்ணுங்க கால் தொடச்ச துண்டாலயே முகத்தத் தொடச்சிக்குவாரு, கழுத்துல போட்டுக்குவாரு. எல்லா படத்துலயும் அப்படித்தான் இருக்காரு. அன்னிக்கு அந்த டைம் அவுட்டுக்கு அப்புறம், நடுவரோட சண்ட போடற படம் ஒண்ணு இருக்கு. வேர்த்துக் கொட்டுது, கழுத்துல துண்டு இல்ல. துண்டு எங்க மாஸ்டர்? அத்த மூஞ்சில வச்சிக்க முடியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தூணோரம் நின்றிருந்த பீட்டர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"தலைவரு பர்மனென்ட் பண்றேன்னாரு" என்றார். "அவரு மில்லுல எத்தினி வருசமா காண்ட்ராக்டு நானு. பையில எண்ணெ தோச்ச வேற துண்டு வச்சிருந்தேன். ஒரு மேட்ச்தானே, தோத்தா தோத்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். தடை போடுவாங்கன்னு சத்தியமா தெரியாது."

"தடை போட்டப்புறம் தெரிஞ்சுதில்ல?" என்று சாராள் கேட்டார். அவர் அன்று பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

பீட்டர் பூசிய எண்ணெயைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருந்தது. காலையில் அந்தக் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்து, காப்பாத்துங்க சார் என்றதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

முன்வரிசையில் பூமிகா எழுந்து நின்றாள். "மாமா, கெண்டைக்காலயே புடி, புடின்னு சொல்லி அனுப்புனது இதுக்குத்தானா?" வரதன் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் செருப்பைக்கூட மாட்டாமல் மண்டபத்தைவிட்டு வெளியே போனாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாற்பத்தைந்து வயதாகியும் எனக்கு உலகம் தெரியவில்லை.

வரதன் நிதானமாக மேடையேறி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சரி பண்ணிக்கொண்டார்.

"கதையெல்லாம் கேட்டாச்சு. நடுவர் தீர்ப்பு நடுவர் தீர்ப்புதான். அத்த மாத்தணும்னா ஓட்டெடுக்கணும். விதிப்படி நடக்கும்."

"ஆமாப்பா, சீக்கிரம் முடிங்க. பசிக்குது" என்றார் ராஜமாணிக்கம். அவருடைய லாரிகள் வரதன் மில்லுக்குத்தான் ஓடுகின்றன.

"தீர்ப்பு அப்படியே இருக்கணும்ன்றவங்க கை தூக்குங்க."

தூக்கினார்கள். கண்ணால் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன். ராஜமாணிக்கம் கை. மில் கேன்டீன் நடத்துகிறவர் கை. மகனை மில்லில் சேர்த்துவிட்டவர் கை. ஒருத்தர் கையைத் தூக்கிக்கொண்டே சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆறு பேர். ஒரு முகத்திலும் வெட்கம் இல்லை. தலைவலிக்கு மாத்திரை போடுகிற மாதிரி சாதாரணமாகத் தூக்கினார்கள்.

"தீர்ப்பு வேணான்றவங்க?"

லோகு இறங்கி வந்து, தலைக்குத் தலை தொட்டு எண்ணினார். தன் கையையும் சேர்த்து ஆறு. ஏழாவது கிளப்பு அத்திப்பட்டு. அந்தக் கிளப்பின் ஓட்டு அதன் செயலாளருக்கு. செயலாளர் பீட்டர். தூணோரம் உட்கார்ந்தபடியே, அழுதுகொண்டு, கையை உயரத் தூக்கியிருந்தார்.

லோகு அவர் முன்னால் வந்து நின்றார்.

"இந்தக் கைய நான் எண்ண மாட்டேன்."

"அப்ப ஆறுக்கு ஆறு" என்றார் வரதன். அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார். "சமம்னா தலைவர் கை."

லோகு பாயைப் பார்த்தார். பாய்க்கு எப்போதும் ஏதாவது ஒரு வழி இருக்கும். இப்போது இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் கிண்டல் ஒன்றும் வரவில்லை. அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் என்றும் இருந்தது, அது இறங்கிவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது. அப்படி பயந்த என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஏஞ்சல் எழுந்தாள்.

"எண்ணுங்கண்ணா."

"இத்தயாமா? இத்த எண்ணித்தான் நீ போவணுமா?"

"நான் போவணும்ணா" என்றாள். "எண்ணுங்க."

லோகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். "ஏழு."

தீர்ப்பு ரத்தானது. ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை. சமையல்காரர் அண்டாவின் மூடியைத் திறந்த சத்தம் கேட்டதும், ஏழு கையும் ஆறு கையும் ஒன்றாக எழுந்து பந்திக்கு ஓடின. ராஜமாணிக்கம் போகிற போக்கில், நல்லா ஆடணும் என்று ஏஞ்சலுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

காலியான நாற்காலிகளுக்கு நடுவே பீட்டர் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில், ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினார்.

"ஏஞ்சலு, நாள் இல்லம்மா. நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வந்துடு. அந்த லெப்ட் டர்ன் இன்னும் செட்டாவல."

"மாஸ்டர்" என்று ஆரம்பித்தாள் ஏஞ்சல். அந்த வார்த்தை அவளுக்கே கசந்திருக்க வேண்டும். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் வருவேன். நீ வராத."